ஃபேமிலிசர்ச்: பதிவுகளுக்குக் களஞ்சியம், மரத்துக்குப் பொதுக் கிணறு

குடும்ப வரலாறு தேடக் கிளம்புகிறவர் முதலில் தட்டும் கதவு பெரும்பாலும் ஃபேமிலிசர்ச்தான். காசு கேட்பதில்லை என்பதே காரணம். இரண்டு வாரம் இலவசம், அப்புறம் கார்டு நம்பரைக் கொடு என்ற பேச்சும் இல்லை. ஆனால் அந்த ஒரே தளத்துக்குள் இரண்டு தனித்தனிச் சரக்குகள் இருக்கின்றன. ஒன்று, உலகெங்கும் படமெடுத்துச் சேர்த்த பழைய பதிவேடுகள். மற்றது, எல்லோரும் சேர்ந்து கட்டும் ஒரே குடும்ப மரம். முதலாவதுக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவதுக்கு மூன்றைத் தாண்ட மனம் வரவில்லை. சிக்கல் என்னவென்றால், புதிதாக வருகிறவரைத் தளம் நேராக இரண்டாவதில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. அக்கவுண்ட் திறந்ததுமே ‘அப்பா பெயர் என்ன, அம்மா பெயர் என்ன’ என்று கேட்டு மரம் நடத் தொடங்கிவிடுகிறது.

நடத்துவது யார் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட, மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் கிறிஸ்தவ சபையின் அமைப்பு இது. 1894இல் யூட்டா வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கியது. 1938 முதல் நாடு நாடாகப் போய்ப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்தார்கள். சுமார் 24 லட்சம் சுருள்கள் சேர்ந்தன. மூலச் சுருள்கள் கருங்கல் மலையொன்றைக் குடைந்து கட்டிய பெட்டகத்தில் இருக்கின்றன. தளம் 1999 மே மாதம் திறக்கப்பட்டது. சுருளைத் தபாலில் வரவழைத்து அருகிலுள்ள மையத்தில் பார்க்கும் ஏற்பாடு 2017இல் நின்றது. சுருள்களை டிஜிட்டலாக்கும் வேலை 2021இல் முடிந்தது.

இவ்வளவு செலவழித்து ஏன் இலவசமாகத் தருகிறார்கள் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒளிவுமறைவில்லாத பதில் உண்டு. இறந்துபோன முன்னோர் சார்பில் உயிரோடிருப்பவர்கள் சடங்கு செய்யலாம் என்பது அந்தச் சபையின் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர்கள் வேண்டும். பொது மரத்தில் நீங்கள் சேர்க்கும் பெயர் அந்தப் பயன்பாட்டுக்கும் போகலாம். யூத இன அழிப்பில் இறந்தவர்களின் பெயர்களை இப்படிச் சேர்க்கக் கூடாது என்று 1995இல் ஓர் உடன்பாடே செய்ய வேண்டியிருந்தது. இது உங்களுக்கு உறுத்தலாக இருந்தால் மரத்தை விட்டுவிட்டுப் பதிவுகளை மட்டும் பயன்படுத்துங்கள், யாரும் தடுப்பதில்லை. தளத்தில் மதப் பிரச்சாரம் தேடுபவரைத் துரத்துவதில்லை.

லாகின் செய்வதற்கு முன்

முதல் வாரத்தில் தளத்தையே திறக்காமல் இருப்பது உத்தமம். ஒரு நோட்டில் உங்களை 1 என்று குறியுங்கள். ஒவ்வொருவரின் தகப்பனாருக்கும் அவர் எண்ணின் இரட்டிப்பு. தாய்க்கு இரட்டிப்புடன் ஒன்று. அப்பா 2, அம்மா 3, அப்பாவின் பெற்றோர் 4, 5, அம்மாவின் பெற்றோர் 6, 7. எண்ணைப் பார்த்தே உறவைச் சொல்லிவிடலாம்: 13 என்றால் 6இன் தாய், அதாவது அம்மாவுடைய அப்பாவின் அம்மா. 1590இல் ஐட்ஸிங்கர் என்பவர் அச்சில் பயன்படுத்திய முறை இது; இன்றைக்கும் இதைவிடக் கச்சிதமாக வேறொன்று வரவில்லை. எள்ளுத் தாத்தா தலைமுறை வரை எழுத 31 இடங்கள் வேண்டும். பெரும்பாலோருக்கு அதில் பாதி காலியாக இருக்கும். அந்தக் காலி இடங்கள்தான் உங்கள் தேடல் பட்டியல். உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு எண்களில் வருவார். சிறிய எண்ணை வைத்துக்கொண்டு பெரிய எண்ணுக்கு எதிரே அதைச் சுட்டிவிட்டால் போதும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ‘எந்த வருடம்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் யார் யார் என்று தொடங்குங்கள். வருடத்தை நிகழ்ச்சியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்: வீடு மாறியதற்கு முன்னா பின்னா, மூத்த பிள்ளை பள்ளிக்குப் போன பிறகா. பேச்சை போனில் பதிவு செய்யும்போது கோப்பின் தொடக்கத்திலேயே தேதியையும் பேசுபவர் பெயரையும் சொல்லிவிட வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் பெயர்கள் குழம்பத் தொடங்கும்.

தமிழில் கேட்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ‘மாமா’ என்பவர் அம்மாவின் உடன்பிறந்தவரா, அத்தையின் கணவரா, மனைவியின் தகப்பனாரா? ‘தாத்தா’ எந்தப் பக்கத்துத் தாத்தா, சொந்தத் தாத்தாவா, தாத்தாவின் தம்பியா? எந்த மென்பொருளுக்கும் பெற்றோர், பிள்ளை, துணை என்ற மூன்று உறவுகள்தான் தெரியும். அதனால் சொன்ன உறவுச்சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் ‘யாருக்கு யார் பிள்ளை’ என்று பிரித்தும் எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு வரும் குழப்பங்களில் பெரும்பங்கு இந்த ஒரு இடத்தில் முளைப்பவை.

போட்டோக்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) ஸ்கேன் செய்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம். எழுத்துத் தாள்களுக்கு 300 போதும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய பத்திரத்தை லேமினேட் செய்வது மட்டும் கூடவே கூடாது: சூடும் பசையும் தாளோடு சேர்ந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

பதிவுகள்: இங்கேதான் தளத்தின் பலம்

தேடல் பக்கத்தில் பெயர், இடம், வருடம் போட்டால் வருவது பதிவேடு அல்ல, பதிவேட்டைப் பார்த்து யாரோ (இப்போது பல நேரம் கணினி) எழுதிய சுட்டுவரிசை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததுதான் புதியவர்களின் முதல் சறுக்கல். ‘என் முன்னோர் பெயர் இல்லை’ என்பார்கள். பெயர் இருக்கும்; வேறு எழுத்தில் இருக்கும். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கு வேண்டுமானாலும் நிற்கும், கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு நிற்கும். அவற்றைப் போட்டுத் தேடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் குடும்பப்பெயரை எடுத்துவிட்டு முதல் பெயர், ஊர், பத்து வருட இடைவெளி மட்டும் போடுங்கள். இன்னும் நல்ல தந்திரம், ஆளை விட்டுவிட்டுப் பெற்றோர் பெயரை மட்டும் போடுவது: உடன்பிறந்தவர்கள் மொத்தமாக வந்து விழுவார்கள். தேடும் பெட்டியில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினால் துல்லியமாகக் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. நடைமுறையில் ஒரு கட்டம் தப்பாக இருந்தாலும் சரியான பதிவு கீழே தள்ளப்பட்டுவிடும். இரண்டு மூன்று விவரத்தோடு தொடங்கிப் பிறகு இறுக்குவதே முறை.

சுட்டுவரிசையில் கிடைத்ததும் படத்தைத் திறந்து பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது. ஞானஸ்நானப் பதிவில் இருப்பது ஞானஸ்நானத் தேதி. அதைப் பிறந்த தேதி என்று பலர் எழுதிவிடுகிறார்கள், சில சமயம் சுட்டுவரிசையே அப்படிக் காட்டும். இறப்புச் சான்றில் இறந்த தேதிக்கு மதிப்பு அதிகம், அதே தாளில் உள்ள பிறந்த தேதிக்கு மதிப்பு குறைவு, ஏனெனில் அதைச் சொன்னவர் பெரும்பாலும் அந்தத் தேதியில் பிறந்திருக்கவே மாட்டார். 1841 இங்கிலாந்துக் குடிமதிப்பில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழே உள்ள ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். இதைத் தெரியாமல் கணக்குப் போட்டால் வேறு குடும்பத்தில் போய் நிற்பீர்கள்.

நாட்காட்டியும் அப்படித்தான். 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. ஆண்டே மாறுகிறது. இரண்டு பதிவுகளில் ஓராண்டு வித்தியாசம் வந்தால் உடனே ‘வேறு ஆள்’ என்று தள்ளாமல், மாதம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ளா என்று முதலில் பாருங்கள்.

சுட்டுவரிசை போடப்படாத படங்களும் ஏராளம். அவை தேடலில் வரவே வராது. கேட்டலாக் என்ற பகுதியில் ஊர் பெயரைப் போட்டு, அந்த ஊருக்கு என்னென்ன பதிவேடுகள் உண்டு என்று பார்க்க வேண்டும். பதிவேட்டுக்கு எதிரே கேமரா குறி இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கேமராவுக்கு மேல் சாவிக் குறி இருந்தால் கட்டுப்பாடு உண்டு: சிலவற்றை ஃபேமிலிசர்ச் மையத்திலோ இணைந்த நூலகத்திலோ உட்கார்ந்துதான் பார்க்க முடியும். தளத்தின் குறும்பு அல்ல இது. பதிவேட்டின் சொந்தக்காரரோடு போட்ட ஒப்பந்தம். சுருளைத் திறந்ததும் முதல் படத்திலிருந்து புரட்டாதீர்கள். பல பதிவேடுகளில் எழுதியவரே கடைசிப் பக்கங்களில் பெயர்ப் பட்டியல் போட்டிருப்பார். அது இல்லையென்றால் நடுவில் திறந்து தேதியைப் பார்த்து, முன்னே பின்னே பாதி பாதியாகத் தாவினால் எழுநூறு படத்திலும் பத்துத் தாவலில் போய்ச் சேரலாம்.

கிடைத்த பக்கத்தைக் குறிக்கும்போது இணைப்பை மட்டும் நகலெடுத்தால் போதாது. படத் தொகுதி எண், அதற்குள் எத்தனையாவது படம், பதிவேட்டின் பெயர், பக்க எண், பார்த்த தேதி ஆகியவற்றையும் எழுதுங்கள். இணைப்பு மாறலாம், தொகுதி எண் வைத்து மீண்டும் பிடித்துவிடலாம்.

2024இல் அறிமுகமான முழு உரைத் தேடல்தான் அண்மையில் வந்தவற்றில் பெரிய சங்கதி. கையெழுத்தைக் கணினியே படித்து, நிலப் பத்திரம், உயில் போன்றவற்றின் முழு வாசகத்தையும் தேட விடுகிறது. சுட்டுவரிசையில் சொத்துக்காரர் பெயர் மட்டும் இருக்கும். இங்கே சாட்சி, அண்டை நிலத்துக்காரர், மருமகன் எல்லோரும் சிக்குவார்கள். பெயரை மேற்கோள்குறிக்குள் போடுங்கள், கட்டாயம் இருக்க வேண்டிய சொல்லுக்கு முன் கூட்டல் குறி போடுங்கள். கணினி தப்பாகப் படிப்பதும் உண்டு, பழைய ஆங்கிலக் கையெழுத்தில் நீண்ட எஸ் எழுத்தை எஃப் என்று எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. எல்லாத் தொகுதிகளும் இதில் இல்லை.

வட அமெரிக்கா, ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா பக்கம் பதிவுகள் அடர்த்தி. மற்ற பல பகுதிகளுக்குப் படம் இருந்தால் சுட்டுவரிசை இருக்காது, சில இடங்களுக்குப் படமே இருக்காது. ஓர் இடத்துக்கு என்ன பதிவு எப்போது தொடங்கியது என்று அறிய, தளத்தின் ஆராய்ச்சி விக்கியில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. முகப்பில் இதை முன்னிறுத்தாதது வியப்புதான். தேடலுக்கு முன்பே படிக்க வேண்டியது அது.

மரம்

150 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ள ஒரே மரம். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரே பக்கம். அந்தப் பக்கத்தை அக்கவுண்ட் உள்ள எவரும் திருத்தலாம். ஊர்ப் பொதுக் கிணறு போல: எவரும் இறைக்கலாம், எவரும் கல்லும் போடலாம். உங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு நீங்கள் மட்டும் பேரப்பிள்ளை அல்ல என்பதால் இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஒரு கிளையை இன்னொருவர் ஏற்கெனவே ஆராய்ந்து, பதிவுகளையும் இணைத்து வைத்திருந்தால் பல மாத வேலை மிச்சம். ஆனால் பாதி ராத்திரியில் யாரோ ஒருவர் இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டால், காலையில் உங்கள் பாட்டிக்குப் பதினேழு பிள்ளைகள் இருப்பார்கள்.

இணைப்புதான் (மெர்ஜ்) மரத்தை அதிகம் கெடுப்பது. ஒரே பெயர், பக்கத்து ஊர், ஐந்து வருட வித்தியாசம் என்றதும் தளம் ‘இருவரும் ஒருவரா’ என்று கேட்கும். ஆம் என்று அழுத்துவது சுலபம். அழுத்துவதற்கு முன் துணையின் பெயர், பிள்ளைகள் பிறந்த வரிசை, ஊர்களுக்கு இடையே தூரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் மரபுகளில் ஒரே தலைமுறையில் ஒரே பெயரில் நான்கு பங்காளிகள் இருப்பது சாதாரணம். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பதும் பல நாடுகளில் இருந்திருக்கிறது. இருவரும் வேறு வேறு என்றால் வெறுமனே மூடிவிடாமல் ‘நாட் எ மேட்ச்’ என்பதை அழுத்திக் காரணம் எழுதுங்கள், அடுத்து வருகிறவருக்கு அது வேலி. தப்பாக இணைத்துவிட்டால் மாற்றப் பட்டியலில் போய்த் திரும்பப் பெறலாம். அதற்குள் அந்தப் பக்கத்தில் வேறு மாற்றங்கள் நடந்திருந்தால் நேராகப் பிரிக்க முடியாமல் போகலாம். அப்போது அழிந்த ஆளை மீட்டெடுத்து, உறவுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். அரை நாள் வேலை.

உங்கள் நேரடி முன்னோர் ஒவ்வொருவருக்கும் ‘ஃபாலோ’ போட்டுவையுங்கள். யார் எதை மாற்றினாலும் தகவல் வரும். திருத்தம் செய்தவரோடு சண்டைக்குப் போவதற்கு முன் அவர் எழுதிய காரணத்தைப் படியுங்கள். தளத்துக்குள்ளேயே அவருக்குச் செய்தி அனுப்பலாம். ஆதாரம் இணைக்காத பக்கம்தான் அடிக்கடி மாறுகிறது. மூன்று பதிவுகளை இணைத்து, ஏன் இந்தத் தேதி என்று ஒரு வரி எழுதிய பக்கத்தில் கைவைக்கப் பெரும்பாலோர் தயங்குவார்கள்.

தளம் காட்டும் நீல நிறக் குறிப்புகள் (இந்தப் பதிவு இவருடையதாக இருக்கலாம் என்பவை) பெரும்பாலும் சரியாக இருப்பதால்தான் ஆபத்து. பத்தில் எட்டு சரி என்று பழகியதும் ஒன்பதாவதைப் படிக்காமலே இணைத்துவிடுவோம். பதிவையும் ஆளையும் பக்கம் பக்கமாகக் காட்டும் திரையில், பதிவிலுள்ள விவரத்தை மரத்துக்கு நகர்த்த ஒரு பொத்தான் உண்டு. ஏற்கெனவே ஊர் பெயர் வரை துல்லியமாக இருக்கும்போது, மாவட்டம் மட்டும் உள்ள பதிவை நகர்த்தினால் உள்ளதும் போய்விடும். சிவப்புக் குறி கண்டால் நில்லுங்கள்: தாய் இறந்த பிறகு பிறந்த பிள்ளை, எட்டு வயதில் தகப்பன் என்பது போன்ற முரண்களை அது சொல்லும்.

தேதியும் இடமும் எழுதும்போது கீழே விரியும் பட்டியலிலிருந்து நிலையான வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டால் தளத்துக்கு அது வெறும் எழுத்து, குறிப்புகள் வராது. 03/04/1912 என்று எழுதாமல் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். குடும்பப்பெயர் இல்லாதவருக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். ‘தெரியாது’ என்று எழுதினால் அதையே குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு தேடும். வேறு பெயர்களுக்கு, செல்லப்பெயருக்கு, மணத்துக்குப் பின் வந்த பெயருக்குத் தனி இடம் இருக்கிறது. ஒரே கட்டத்தில் அடைப்புக்குறி போட்டுத் திணிக்காதீர்கள்.

உயிரோடிருப்பவர்கள் உங்கள் தனி அறையில் இருப்பார்கள், மற்றவர்களுக்குத் தெரியாது. 110 ஆண்டுகளுக்குள் பிறந்து, இறந்த விவரம் இல்லாதவரை உயிரோடிருப்பவராகவே தளம் கருதும். உறவினர்கள் பார்க்கட்டும் என்பதற்காக உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று குறித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த நொடியில் அவர் பிறந்த தேதி உலகத்துக்கே திறந்துவிடும். மறுபக்கம், ஒருவர் உண்மையாகவே காலமானதும் மூன்று பிள்ளைகளும் தனித்தனியாக வைத்திருந்த மூன்று பிரதிகள் ஒரே நாளில் பொதுவுக்கு வரும். இரட்டைப் பக்கங்கள் முளைப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

மரத்தில் மேலே மேலே ஏறினால் ராஜாக்களும் புராண மாந்தரும் வருவார்கள். மகிழ்வதற்கு முன் ஒரு கணக்கு: இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடு கட்டாயமானது 1538இல், கத்தோலிக்க நாடுகளுக்கு ட்ரெண்ட் சங்கம் (கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் பேரவை) உத்தரவிட்டது 1563இல், பிரான்சில் அரசுப் பதிவு 1792, இங்கிலாந்து-வேல்ஸில் 1837, ஸ்காட்லாந்தில் 1855. இந்த ஆண்டுகளுக்கு முன்னால் சாதாரணக் குடும்பத்தின் கோடு தடையில்லாமல் ஓடினால், அது எந்த ஆதாரத்தில் ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

போட்டோ, கதை, ஒலிப்பதிவு போட்டுவைக்க ‘மெமரீஸ்’ பகுதி நன்றாக இருக்கிறது; ஒரு போட்டோவில் பத்துப் பேரையும் தனித்தனியாகக் குறிக்கலாம். ஆனால் ஏற்றும்போதே அதைப் பயன்படுத்தும் உரிமையை நிறுவனத்துக்கும் தருகிறீர்கள். மூலக்கோப்பு வீட்டில் இரண்டு இடங்களில் இருக்கட்டும்.

வெளியே எடுப்பது

பெரிய குறை இங்கே. பொது மரத்திலிருந்து உங்கள் கிளையை ஜெட்காம் கோப்பாக (குடும்ப மர மென்பொருள்கள் தங்களுக்குள் விவரம் பரிமாறும் பொது வடிவம்) இறக்க நேரடியான வழி இல்லை. ரூட்ஸ்மேஜிக், ஆன்செஸ்ட்ரல் குவெஸ்ட் போன்று ஃபேமிலிசர்ச்சோடு பேசத் தெரிந்த மென்பொருளை நிறுவி, அதன் வழியாகத் தலைமுறை தலைமுறையாக இழுக்க வேண்டும். அதனால்தான் தொடக்கத்திலிருந்தே சொந்தக் கோப்பு வேண்டும் என்பது. காசில்லாமல் வேண்டுமென்றால் கிராம்ப்ஸ் இருக்கிறது: திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கற்றுக்கொள்ள இரண்டு மாலைப் பொழுது பிடிக்கும், ஆனால் ஆதாரம் குறிக்கும் ஒழுங்கை அதைப்போல் பழக்கிவிடுவது வேறில்லை.

ஜெட்காமில் தமிழ் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஏற்றுமதி செய்யும்போது எழுத்துக் குறிமுறையில் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஆன்செல், ஆன்சி என்று பழைய குறிமுறையில் விட்டால் பெயரெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும், திரும்பப் பெற வழியில்லை. 2021இல் வந்த 7.0 பதிப்பில் யூடிஎஃப்-8 மட்டும்தான் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பல மென்பொருள்கள் இன்னும் 5.5.1இலேயே நிற்கின்றன. அதில் போட்டோ போகாது, போட்டோ இருந்த இடத்தின் முகவரி மட்டுமே போகும். வேறு கணினியில் திறந்தால் வெறும் கட்டம். போட்டோ ஃபோல்டரைத் தனியாக நகலெடுக்க வேண்டும்.

மற்றவருக்குக் கற்றுத்தரும் கருவியாக

இந்தத் துறையில் பிறருக்கு உதவ இவ்வளவு வசதி செய்துகொடுத்த தளம் வேறு இல்லை. உலகெங்கும் 5,000க்கும் மேற்பட்ட மையங்களில் தன்னார்வலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தரம் ஆளுக்கு ஆள் மாறும்; ஆனாலும் வீட்டில் பூட்டிக் கிடக்கும் படங்கள் அங்கே திறக்கும் என்பதற்காகவே போகலாம். சால்ட் லேக் சிட்டியிலுள்ள ஃபேமிலிசர்ச் நூலகத்தின் ஆய்வாளரோடு இணையவழியில் 20 நிமிடம் இலவசமாகப் பேசவும் பதிவு செய்துகொள்ளலாம். ஒரே கேள்வி, இதுவரை பார்த்த பதிவுகளின் பட்டியல் இரண்டோடும் போனால் அந்த இருபது நிமிடம் போதும். குடும்பக் கதையோடு போனால் போதாது.

உதவுகிறவருக்கான வசதியில் முக்கியமானது உதவி எண். உதவி கேட்பவரின் அக்கவுண்ட் அமைப்பில் அது இருக்கும். அவர் அதைத் தந்தால், உங்கள் லாகினிலிருந்தே அவர் மரத்தைப் பார்க்கலாம், பாஸ்வேர்டு வாங்க வேண்டியதில்லை. உயிரோடிருக்கும் அவர் வீட்டாரும் அதில் தெரிவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

ஒரு குழுவுக்கு முதல் வகுப்பு எடுக்கிறீர்கள் என்றால் அக்கவுண்ட் திறப்பதற்கே முக்கால் மணி நேரம் போகும். சரிபார்ப்புக் குறியீடு வராது, மின்னஞ்சல் பாஸ்வேர்டு மறந்திருக்கும், முன்பே ஒரு அக்கவுண்ட் இருந்து அது நினைவில் இருக்காது. பழைய அக்கவுண்ட்டை மீட்பதற்குத்தான் முயல வேண்டும், புதிதாக இன்னொன்று திறக்கக் கூடாது. திறந்தால் உயிரோடிருக்கும் உறவினர்கள் இரண்டு அறைகளில் பிரிந்து கிடப்பார்கள். முடிந்தால் இந்த வேலையை முதல் நாளே வீட்டில் முடித்துவரச் சொல்லுங்கள். வகுப்பில் களைப்பு தெரிந்தால் போன் ஆப்பில் ‘ரிலேட்டிவ்ஸ் அரௌண்ட் மீ’ திறக்கச் சொல்லலாம்: 100 அடிக்குள் இருப்பவர்களில் மரத்தின்படி யார் உறவு என்று காட்டும். ஆராய்ச்சிக்கு உதவாது, அறையை விழிக்க வைக்கும்.

மவுஸ் கற்றுக்கொள்பவர் கையிலேயே இருக்கட்டும். உதவுகிறவர் தட்டினால் பத்து நிமிடத்தில் முடியும், அவர் தட்டினால் நாற்பது நிமிடம் ஆகும். ஆனால் அடுத்த வாரம் அவர் தனியாக உட்காரும்போது அந்த நாற்பது நிமிடம்தான் கைகொடுக்கும். ‘என் குடும்பத்தைப் பற்றி எல்லாம் தெரிய வேண்டும்’ என்று வருகிறவரிடம் அதை ஒரே ஆள், ஒரே நிகழ்ச்சி என்று குறுக்கி வாங்குங்கள்: இந்தப் பாட்டியின் பெற்றோர் யார், இந்தத் திருமணம் எங்கே நடந்தது. கிடைக்காத தேடலையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்: தேதி, எந்தத் தொகுப்பு, என்னென்ன எழுத்துக்கூட்டல், கிடைத்ததா இல்லையா. நான்கு கட்டங்களாகக் கோடு போட்ட தாள் போதும். இது இல்லாதவர் ஆறு மாதம் கழித்து அதே தொகுப்பில் அதே பெயரை மறுபடி தேடிக்கொண்டிருப்பார்.

எதிர்பாராத தாள் வெளிவரும். முதல் மனைவி, தத்துப் பிள்ளை, திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தை. திரையில் அதை நீங்கள் முதலில் பார்த்துவிட்டால் உரக்கப் படிக்காதீர்கள். குழுவில் இருந்தால் திரையை மற்றவர் பக்கமிருந்து திருப்பிவிட்டு அவரே படிக்க விடுங்கள். மரத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. சேர்ப்பதென்றால் பெற்ற உறவு, தத்து, மாற்றுப் பெற்றோர், பாதுகாவலர் என்று உறவின் வகையைக் குறிக்க வசதி இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இரண்டு சோடிப் பெற்றோரையும் வைக்கலாம், யாரையும் அழிக்க வேண்டியதில்லை.

மரத்தில் தேட எதுவும் கிடைக்காத இடத்திலிருந்து வருகிறவருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். ‘கெட் இன்வால்வ்ட்’ பகுதியில், கணினி படித்த பெயர்களைச் சரிபார்க்கும் பணி போனிலேயே செய்யலாம். 1940 அமெரிக்கக் குடிமதிப்புக்கு 2012இல் சுட்டுவரிசை போட்டது 1,60,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். எழுதியிருப்பதை எழுதியபடி பதிய வேண்டும், சரியான எழுத்துக்கூட்டல் தெரியும் என்று திருத்தக் கூடாது என்பது பொது விதி. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் குறிப்பும் உண்டு. நூறு பெயர் பார்த்தால் பழைய கையெழுத்து கண்ணுக்குப் பழகிவிடும். ‘டபிள்யூஎம்’ என்ற இரண்டெழுத்து வில்லியம் என்று தானாகவே படிக்க வரும்.

மையத்தின் பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் இறக்கிய படங்களை அவர் பென் டிரைவுக்கு மாற்றி, டவுன்லோட் ஃபோல்டரைக் காலி செய்து, லாக் அவுட் செய்த பிறகு பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கோப்பின் பெயரை அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்: முதலில் முன்னோர் எண், பிறகு வருடம், பிறகு என்ன பதிவு. வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரே மாதிரி நீள நீளமான எண்களில் நாற்பது படங்கள் கிடக்கும், எது யாருடையது என்று மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.